ஸ்கூல் முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமை: டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவங்களுக்கு என்ன துணை வேணும், ஒரு எளிய விளக்கம்

டவுன் சிண்ட்ரோம் பத்தி தேடிப் பாத்தீங்கன்னா வர்றதுல முக்கால்வாசி கைக்குழந்தைகள பத்தித்தான் இருக்கும். கர்ப்பத்துல என்ன டெஸ்ட், பொறந்ததும் ஹார்ட் செக் பண்றது, எப்ப நடக்கும், எப்ப பேசும், எந்த ஸ்கூல்ல சேக்கறது. எல்லாம் வேணும்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தக் குழந்தை வளந்து, ஸ்கூலும் முடிஞ்சு, வீட்ல வந்து உக்காந்த அடுத்த திங்கக்கிழமை காலைல அவங்க எங்க போவாங்கங்கறத பத்தி பேச ஆளே இல்ல. பதினஞ்சு வருஷமா தினமும் வேன் வந்துச்சு, டீச்சர் பேர் சொல்லி கூப்பிட்டாங்க, பக்கத்து சீட்ல ஒரு ஃப்ரெண்ட் இருந்தான், ஒரு நாள் எல்லாமே ஒண்ணா நின்னு போச்சு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவங்க வாரக் கடைசில கூடற ஒரு குரூப்ல நான் சில வருஷமா வாலண்டியரா இருக்கேன், அங்க வர்ற ஒரு அம்மா சொன்னாங்க, ஸ்கூல் முடிஞ்சு மூணு மாசம் வரைக்கும் அவங்க பையன் காலைல ஏழரை மணிக்கு பேக் மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாராம். அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம அவங்களும் பக்கத்துல நிப்பாங்களாம். அந்த வாசல்ல நிக்கற ஆளுக்கு என்ன ஏற்பாடு பண்ணலாம்ங்கறதுதான் இங்க விஷயம்.

முதல்ல அடிப்படை, தெரிஞ்சவங்க இந்தப் பத்திய தாண்டிப் போயிடலாம். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் 46 குரோமோசோம், 23 ஜோடியா இருக்கும். டவுன் சிண்ட்ரோம்ல 21-வது குரோமோசோம் ரெண்டுக்கு பதிலா மூணு இருக்கும், ஆக மொத்தம் 47. சுமார் 95 சதவீதம் பேருக்கு இப்படித்தான், மீதிப் பேருக்கு அந்த எக்ஸ்ட்ரா துண்டு வேற ஒரு குரோமோசோம்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், இல்லைன்னா சில செல்கள்ல மட்டும் இருக்கும். 1866-ல ஜான் லாங்டன் டவுன்ங்கற இங்கிலாந்து டாக்டர் இதை விவரிச்சு எழுதினார், அவர் பேருதான் இது, ‘கீழே’ங்கற அர்த்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. காரணம் இந்த மூணாவது குரோமோசோம்தான்னு ஜெரோம் லெஜ்யூன், மார்த்தே கோத்தியே, ரேமோன் டுர்ப்பான் மூணு பேரும் 1959-ல வெளியிட்டாங்க. இது வியாதி இல்ல, தொத்தாது, மருந்து குடுத்து போக்கறதும் கிடையாது. மார்ச் 21-ம் தேதிய டவுன் சிண்ட்ரோம் நாளா வச்சதுக்கு காரணம் கூட மூணாவது மாசம், 21-வது குரோமோசோம் மூணுங்கற கணக்குதான், 2012-லேர்ந்து ஐநா சபையும் அதை அனுசரிக்குது.

இப்ப ஏன் பெரியவங்கள பத்தி இவ்வளவு பேச வேண்டியிருக்குன்னா, இவ்வளவு பெரியவங்க முன்னாடி இருந்ததே இல்ல. அமெரிக்கால 1983-ல டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருத்தரோட சராசரி ஆயுள் 25 வயசு பக்கம்தான், இப்ப அது கிட்டத்தட்ட 60. நாப்பது வருஷத்துல நடந்த மாற்றம் இது. பொறக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு இதயத்துல ஏதாவது கோளாறு இருக்கும், முன்னாடி அதுக்கு பெரும்பாலும் ஆபரேஷன் பண்ண மாட்டாங்க, இப்ப பண்றாங்க. பெரிய பெரிய இல்லங்கள்ல கொண்டு போய் விட்டுட்டு வர்ற பழக்கமும் பல நாடுகள்ல குறைஞ்சு போச்சு, வீட்ல வளர்றவங்க நல்லா வளர்றாங்க. அதனால இன்னைக்கு முப்பது, நாப்பது, அம்பது வயசுல இருக்கறவங்கதான் ஒரு விதத்துல முதல் தலைமுறை. ஸ்கூலுக்கு ஒரு அமைப்பு வந்துருச்சு, டாக்டர்களுக்கு ஒரு வழிமுறை வந்துருச்சு, ஆனா பெரியவங்களோட வாழ்க்கைக்கு பல இடத்துல இன்னும் ஒண்ணும் வரல. பெத்தவங்களுக்கும் யாரையும் பாத்து கத்துக்க வழி இல்லாம போச்சு.

என்னென்ன துணை இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இது நம்ம தமிழ்ல ரொம்ப பளிச்சுன்னு தெரியற விஷயம். முப்பத்தஞ்சு வயசு ஆள பாத்து எல்லாரும் “வாடா கண்ணு, சாப்டியா”ன்னு கேப்பாங்க, அவர விட பத்து வயசு சின்ன வாலண்டியர் கூட நீ வா போன்னுதான் பேசுவாங்க. அன்புலதான் கூப்பிடறாங்க, எனக்குப் புரியுது. ஆனா அதே வயசுல இருக்கற வேற யாரையாச்சும் முதல் தடவை பாக்கும்போது அப்படிக் கூப்பிடுவோமா? எங்க குரூப்ல ஒரு விதி வச்சோம், வர்ற எல்லாரையும் வாங்க, உக்காருங்கன்னு சொல்லணும், வயசுல மூத்தவங்கன்னா அண்ணா, அக்கான்னு கூப்பிடணும்னு. முதல் நாள் ஒரு புது பையன் வாலண்டியரா வந்து ஒரு அண்ணன “வாங்கண்ணா”ன்னு கூப்பிட்டதும் அவர் திரும்பி பின்னாடி பாத்தார், வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனச்சுட்டார். அவருக்கு அப்ப நாப்பத்தோரு வயசு. இன்னொண்ணு, “உடம்புதான் முப்பது, புத்தி அஞ்சு வயசு”ன்னு சொல்றத தயவுசெஞ்சு விட்டுடுங்க. முப்பது வருஷம் வாழ்ந்த ஆளுக்கு முப்பது வருஷ அனுபவம், ஆசை, கோவம், வெக்கம் எல்லாம் இருக்கு. கணக்கு போடறது கஷ்டமா இருக்கலாம், அதை வச்சு ஆளையே அஞ்சு வயசுன்னு சொல்லிட முடியாது.

சரி, என்னென்ன வகை துணை இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு முதல்ல தெரிய வர்றது டே சென்டர்தான், காலைல போய் சாயங்காலம் வர்ற இடம். நல்ல டே சென்டர்ல அன்னன்னைக்கு என்ன பண்ணணும்னு வர்றவங்களே சொல்லுவாங்க, வெளிய போவாங்க, ஏதாவது உண்மையான வேலை நடக்கும். மோசமான டே சென்டர்ல காலைலேர்ந்து டிவி ஓடும், இருபது வருஷமா அதே படத்துக்கு கலர் அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. ஒரு இடம் எப்படின்னு தெரியணும்னா சொல்லாம ஒரு நாள் மத்தியானம் போய்ப் பாருங்க. சுவத்துல குழந்தைங்க படம் ஒட்டியிருக்கா, யாராவது “எனக்கு இன்னைக்கு இது வேணாம்”னு சொன்னா என்ன பதில் வருது, டாய்லெட்டுக்கு உள்ளேர்ந்து பூட்டிக்கிற தாழ்ப்பாள் இருக்கா, இந்த மூணையும் பாத்தா போதும், எனக்கு இதுக்கு மேல பாக்கத் தேவையே பட்டதில்ல.

அடுத்தது வேலை. இதுல நெறைய பேருக்கு தெரியாத ஒரு ஆள் இருக்காங்க, ஜாப் கோச். முன்னாடியெல்லாம் முதல்ல ட்ரெய்னிங், அப்புறம் வேலைன்னு சொல்லி வருஷக்கணக்கா ட்ரெய்னிங்லயே வச்சிருப்பாங்க, வேலை வரவே வராது. இப்ப நல்லா நடக்கற முறைல நேரா உண்மையான வேலைல சேத்துட்டு, அந்த இடத்துலயே கோச் கூட நின்னு சொல்லித் தருவாங்க. முதல் ரெண்டு வாரம் முழு நேரமும் பக்கத்துல இருப்பாங்க, அப்புறம் கொஞ்சம் தள்ளி நிப்பாங்க, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை வந்து பாப்பாங்க. அதே நேரத்துல அங்க ஏற்கனவே வேலை பாக்கறவங்கள்ல ஒருத்தர துணைக்கு பழக்கிடுவாங்க, கோச் போனாலும் கேக்க ஒரு ஆள் இருக்கும். கண்டிப்பா சம்பளம் இருக்கணும். “அவருக்கு நேரம் போனா போதும், காசு எதுக்கு”ன்னு சொல்ற இடம் வேணவே வேணாம்.

இந்தக் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி நகர்றதுதான் இந்த மொத்த விஷயத்தோட நெஞ்சு மாதிரி, அதனால ஒரு உதாரணத்த கிட்டக்க பாப்போம். ஒருத்தருக்கு தனியா பஸ்ல போகக் கத்துத் தரணும்னு வைங்க. நமக்கு அது ஒரே வேலை மாதிரி தெரியுது, உக்காந்து எழுதிப் பாத்தா இருபது வேலைக்கு மேல வரும். வீட்டைப் பூட்டறது, போன்ல சார்ஜ் பாக்கறது, ரோடு தாண்டறது, ஸ்டாப்ல சரியான பக்கம் நிக்கறது, பஸ் நம்பர் பாக்கறது, கூட்டமா இருந்தா அடுத்த பஸ்ஸுக்கு விடறதா ஏறறதான்னு முடிவு பண்றது, டிக்கெட், எறங்கற எடத்துக்கு முன்னாடி வர்ற அடையாளத்த கவனிக்கறது. ஒவ்வொண்ணுக்கும் போட்டோ எடுத்து வரிசையா ஒரு சின்ன ஆல்பம் போட்டுக் குடுப்போம், ஏன்னா டவுன் சிண்ட்ரோம் உள்ள பல பேருக்கு காதால கேட்டு ஞாபகம் வச்சுக்கறத விட கண்ணால பாத்து பிடிச்சுக்கறது சுலபம். முதல் வாரம் பக்கத்துல உக்காந்து போவோம், அப்புறம் ரெண்டு சீட் பின்னாடி, அப்புறம் அதே பஸ்ல தெரியாத ஆள் மாதிரி கடைசி சீட்ல, அப்புறம் எறங்கற ஸ்டாப்ல மட்டும் போய் நிப்போம். ஒரு நாள் வேணும்னே ஒரு ஸ்டாப் தாண்டி எறங்கி, தப்பா எறங்கிட்டா என்ன பண்றதுன்னும் பழகிக்குவோம், இதுதான் ரொம்ப முக்கியம், பல பேர் இதை விட்டுடறாங்க. நாலு மாசம் ஆகலாம், எட்டு மாசமும் ஆகலாம். கார்ல கொண்டு போய் விட்டா பத்து நிமிஷம்தான், ஆனா அப்படி விட்டா வாழ்க்கை பூரா யாரோ ஒருத்தர் விட்டுட்டே இருக்கணும்.

விளையாட்டு பத்தி சொல்லணும்னா ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். 1968 ஜூலைல சிகாகோல யூனிஸ் கென்னடி ஷ்ரைவர்ங்கற அமெரிக்கப் பெண்மணி ஆரம்பிச்சது, இன்னைக்கு 170-க்கும் மேற்பட்ட நாடுகள்ல நடக்குது, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவங்க எட்டு வயசுலேர்ந்து போட்டில கலந்துக்கலாம், மேல் வயசு வரம்பு கிடையாது. அம்பது வயசுல முதல் தடவையா மைதானத்துக்கு வரலாம்னு அர்த்தம், இது பல குடும்பங்களுக்கு தெரியல. அதுல யூனிஃபைட் ஸ்போர்ட்ஸ்னு ஒரு பிரிவு இருக்கு, குறைபாடு உள்ளவங்களும் இல்லாதவங்களும் ஒரே டீம்ல ஆடுவாங்க, என்னைக் கேட்டா அதுதான் ரொம்ப நல்லது, ஏன்னா அங்க உதவறவங்க உதவி வாங்கறவங்கன்னு பிரிவே இல்ல. 2020 நவம்பர்ல ஃப்ளோரிடால கிறிஸ் நிக்கிக்ங்கற இளைஞர் அயர்ன்மேன் போட்டிய முடிச்சார், டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்கள்ல அதை முடிச்ச முதல் ஆள் அவர்தான். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் ஒரு முழு மராத்தான், எல்லாம் 17 மணி நேரத்துக்குள்ள. அவர் கூடவே ஒரு வழிகாட்டியும் போனார். வழிகாட்டி அவருக்காக ஒரு அடி கூட ஓடல, பக்கத்துல இருந்தார், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை மட்டும், இவங்கள்ல சிலருக்கு கழுத்தெலும்போட மேல் மூட்டு தளர்வா இருக்கும், அதனால குட்டிக்கரணம், டைவிங் மாதிரி கழுத்துல அழுத்தம் வர்ற விளையாட்டுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

ஆனா வேலையும் விளையாட்டும் இருந்தும் ஒருத்தர் தனியா இருக்கலாம். நான் பாத்த வரைக்கும் பெரிய குறை இதுதான், ஃப்ரெண்டு. அவங்கள சுத்தி இருக்கறவங்கள எண்ணிப் பாருங்க: அம்மா, அப்பா, தெரபிஸ்ட், டீச்சர், பாத்துக்க வர்ற ஆள். குடும்பத்த தவிர எல்லாருமே சம்பளத்துக்கு வர்றவங்க. சும்மா பிடிச்சுப் போய் கூட இருக்கற ஆள் ஒருத்தராவது வேணாமா? இதுக்குன்னுதான் பட்டி (buddy, அதாவது தோழன்) முறைன்னு ஒண்ணு வந்துச்சு, ஒருத்தருக்கு ஒரு வாலண்டியர்னு ஜோடி சேத்து விட்டு அடிக்கடி சந்திக்க வைக்கறது, பெஸ்ட் பட்டீஸ்ங்கற அமைப்பு 1989-லேர்ந்து இதைத்தான் பண்ணிட்டு இருக்கு. நல்ல யோசனை, ஆனா வாலண்டியருக்கு படிப்பு முடிஞ்சு ஊர் மாறிப் போயிட்டா இங்க ஒருத்தர் மறுபடியும் வாசல்ல நிப்பார். அதனால வாலண்டியர் கூட இருக்கற நட்போட சேத்து, அவங்களுக்குள்ளயே ஒருத்தருக்கொருத்தர் நட்பா இருக்கவும் வழி பண்ணணும், போன் நம்பர் மாத்திக்கணும், யார் உதவியும் இல்லாம வீடியோ கால் பண்ணப் பழகணும், ஒருத்தர் பொறந்த நாளுக்கு இன்னொருத்தர் வீட்டுக்கு கொண்டு போய் விடற பொறுப்ப குடும்பங்கள் ஏத்துக்கணும். கடைசில சொன்னதுதான் எல்லா எடத்துலயும் சிக்கற எடம், நட்பு இருக்கும், வண்டி இருக்காது.

காதலும் வரும். அதுக்கு பயந்து ஆண்கள் தனி பெண்கள் தனின்னு பிரிச்சு வைக்கற எடங்கள் இருக்கு, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. பயப்பட வேண்டியது அறியாமைக்குத்தான். எது தன்னோட உடம்பு, யார் எங்க தொடலாம், வேணாம்னு எப்படி சொல்றது, தப்பு நடந்தா யார்கிட்ட சொல்றது, இதை படம் போட்டு நேரடியான வார்த்தைல சொல்லிக் குடுத்தவங்கதான் பாதுகாப்பா இருப்பாங்க. எல்லாத்துக்கும் சரின்னு சொல்லத்தான் சின்ன வயசுலேர்ந்து பழக்கியிருக்கோம், வேணாம்னு சொல்ல எங்க பழக்கினோம்?

முடிவெடுக்கறது பத்தியும் இங்கயே சொல்லிடறேன். எங்க குரூப்ல அடுத்த வாரம் என்ன பண்ணலாம்னு எல்லார்கிட்டயும் கேப்போம். முப்பத்திநாலு வயசு அக்கா ஒருத்தங்க, அவங்ககிட்ட கேட்ட உடனே பக்கத்துல இருந்த அம்மா “அவளுக்கு டான்ஸ்தான் பிடிக்கும், டான்ஸே வைங்க”ன்னுட்டாங்க. நாங்க சரிம்மான்னு சொல்லிட்டு அந்த அக்காவ பாத்துட்டே சும்மா இருந்தோம். பத்து செகண்ட் ஒண்ணும் இல்ல, இருபது செகண்ட். பேசாம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு அப்பதான் தெரியும். அவங்க நிமிந்து பாத்து, “டான்ஸ் வேணாம். செடி”ன்னாங்க. தோட்ட வேலை பண்ணணும்னு ஆசைப்பட்டிருக்காங்க, எத்தனை நாளாவோ. டவுன் சிண்ட்ரோம் உள்ள பல பேருக்கு புரிஞ்சுக்கறது நிறைய, சொல்ல வர்றது கம்மி, சொல்றதுக்கு நேரமும் ஆகும். பேச்சு வரலைங்கறத வச்சு புரியலைன்னு முடிவு கட்டிடக் கூடாது.

பெரிய முடிவுகளுக்கும் இதே கதைதான். 2006-ல ஐநா சபை ஏத்துக்கிட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைல 12-வது பிரிவு, சட்டத்துக்கு முன்னாடி இவங்களும் மத்தவங்க மாதிரிதான், முடிவெடுக்க தேவையான துணைய குடுக்கணும்னு சொல்லுது. 19-வது பிரிவு, எங்க வாழணும் யார் கூட வாழணும்னு தேர்ந்தெடுக்கற உரிமை அவங்களுக்கு உண்டுன்னு சொல்லுது. கார்டியன் போட்டு எல்லா கையெழுத்தையும் வேற ஒருத்தர் போடறது ஒரு வழி. இன்னொரு வழில அவரே நம்பற நாலஞ்சு பேர் ஒரு வட்டமா உக்காந்து, விஷயத்த எளிமையா விளக்கி, ரெண்டு மூணு வழியக் காட்டி, அவர் சொல்றத முடிவா எடுத்துப்பாங்க. எந்த நாட்டு சட்டம் எது வரைக்கும் விடுதுன்னு அங்கங்க கேட்டுக்கணும், ஆனா வட்டத்த இன்னைக்கே ஆரம்பிக்க எந்த சட்டமும் தடுக்கல. அதுல அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிங்கள சின்ன வயசுலயே சேத்துக்கங்க, பெத்தவங்க போனதுக்கு அப்புறம் ராத்திரியோட ராத்திரியா அவங்க தலைல மொத்தமா போடறது ரெண்டு பேருக்குமே அநியாயம்.

உடம்பு விஷயம் டாக்டர் வேலைன்னு நெனப்போம், ஆனா மாற்றத்த முதல்ல பாக்கறது இந்த மாதிரி குரூப்தான். தனியா பேசிக்கறாங்கன்னு சில பேர் பதறுவாங்க, பதற வேணாம், இவங்கள்ல நெறைய பேர் அன்னைக்கு நடந்தத தங்களுக்குள்ள பேசித்தான் யோசிப்பாங்க, அது பைத்தியம் இல்ல. ஒரே வரிசைல ஒரே மாதிரி செய்யணும்னு நெனக்கறதும் அப்படித்தான், அந்தப் பழக்கத்த வச்சுத்தான் வேலைல இவ்வளவு ஒழுங்கா இருக்காங்க. ஆனா நல்லா இருந்தவர் திடீர்னு ஒதுங்கினா, வர மாட்டேன்னு அடம் பிடிச்சா, தூங்கி வழிஞ்சா, “டவுன் சிண்ட்ரோம்னா அப்படித்தான்”னு விட்டுடாதீங்க. தைராய்டு கம்மியா இருக்கலாம், தூக்கத்துல மூச்சு அடைக்கற ஸ்லீப் ஆப்னியா இருக்கலாம், காது அடைச்சிருக்கலாம், கண்புரை சீக்கிரமே வந்திருக்கலாம், மனச்சோர்வா இருக்கலாம். துக்கமாவும் இருக்கலாம். அப்பா செத்துப் போனத “ஊருக்குப் போயிருக்கார்”னு சொல்லி மறைச்ச வீடுகள் உண்டு, அந்த ஆள் வருஷக்கணக்கா காத்துட்டு இருப்பார். உண்மைய சொல்லணும், கூட்டிட்டுப் போய் காட்டணும், அழ விடணும்.

அல்சைமர்ங்கற மறதி நோய பத்தியும் சொல்லியே ஆகணும். அந்த நோய்ல மூளைல படியற புரதத்தோட மூலமான ஏபிபி ஜீன் 21-வது குரோமோசோம்லதான் இருக்கு, இவங்களுக்கு அது மூணு. அதனால 40 வயசுக்குள்ள கிட்டத்தட்ட எல்லார் மூளையிலயும் மாற்றம் ஆரம்பிச்சிருக்கும், வெளிய தெரியறது பெரும்பாலும் 50-கள்ல. 35 வயசு வாக்குல அவர் என்னென்ன பண்றார்ங்கறத போன்லயே சின்னச் சின்ன வீடியோவா எடுத்து வச்சுக்கங்க: ஷூ லேஸ் கட்டறது, காசு எண்ணறது, ஒரு கதை சொல்றது. பின்னாடி டாக்டர் “முன்னாடி எப்படி இருந்தார்”னு கேக்கும்போது அந்த வீடியோ பேசும்.

உங்க பக்கத்துல இதுல எதுவுமே இல்லைன்னா? நாலு குடும்பம் போதும், ஆரம்பிச்சுடலாம். கட்டடம் வேணாம், அமைப்பு பேரு, லெட்டர்ஹெட் எதுவும் வேணாம். வாரத்துல ஒரே நாள், ஒரே நேரம், ஒரே எடம், மழை வந்தாலும் மாத்தாதீங்க, அந்த நிச்சயம்தான் அவங்களுக்கு முக்கியம். பெத்தவங்க கொண்டு வந்து விட்டுட்டு வெளிய போயிடணும், ரெண்டு மணி நேரம் அவங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். முதல் நாளே ஒரு பெரிய பேப்பர்ல வந்தவங்க போட்டோ ஒட்டி, ஒவ்வொருத்தரும் என்ன பண்ண ஆசைன்னு அவங்க வாயால சொல்ல விட்டு படமா வரைஞ்சு வைங்க, அதுதான் அடுத்த பத்து வாரத்தோட திட்டம். முதல் மாசம் ரெண்டு பேர்தான் வருவாங்க, சோந்து போகாதீங்க. எங்க குரூப்லயும் அப்படித்தான், வாசல்ல பேக்கோட நின்னாரே, அவரும் அந்த செடி அக்காவும் மட்டும்தான் முதல் அஞ்சு வாரம். இப்ப பதினேழு பேர். அவர் இன்னும் பேக் மாட்டிக்கிட்டுத்தான் வர்றார், சனிக்கிழமை ஒன்பதரைக்கு கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே நிப்பார், வர்ற ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி உள்ள அனுப்பறது அவர் வேலைன்னு அவரே எடுத்துக்கிட்டார், யாராவது வரலைன்னா போன் பண்ணி ஏன்னு கேக்கறதும் அவர்தான்.